துயிலை அளந்த மருத்துவர் ஜான் ஸ்னோ

ஓடி ஆடும் பருவம் குழந்தைப் பருவம். ஓடும் குழந்தை விழாமல் இராது. விழுந்த இடத்தில் நெற்றியிலோ மோவாயிலோ சிறியதொரு வெட்டுக் காயம் ஏற்படுகிறது. குருதி வடியும் குழந்தையைத் தூக்கிக்கொண்டு பெற்றோர் மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்கு ஓடுகின்றனர். மருத்துவர் பார்த்துவிட்டு, எலும்புக்கு ஒன்றுமில்லை, மூன்று தையல் போட்டால் போதும் என்கிறார். பெரியவர் என்றால் பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்துக்கொள்வார். மூன்று வயதுக் குழந்தைக்கு ஊசியைக் கண்டாலே உயிர் போய்விடுகிறது. ஒருவர் தலையைப் பிடிக்க, ஒருவர் கையைப் பிடிக்க, ஒருவர் காலைப் பிடிக்க, வீறிட்டு அலறும் குழந்தைக்குத் தையல் போடுவதே நெடுங்காலம் உலகெங்கும் வழக்கமாக இருந்தது.

இந்தத் துன்பத்திற்கு ஒரு மாற்று உண்டு. குழந்தையைச் சிறிது நேரம் மயக்கத்திலோ அரைமயக்கத்திலோ ஆழ்த்தித் தையலை முடிப்பதே அது. ஆனால் இங்கே ஒரு பெரிய கேள்வி எழுகிறது. காயமோ சிறியது, அதனால் உயிருக்கு அச்சமில்லை. மயக்க மருந்தோ அளவு தவறினால் உயிரையே கொண்டுபோகக் கூடியது. சிறிய துன்பத்தைப் போக்கப் பெரிய ஆபத்தைத் துணைக்கு அழைக்கலாமா? அழைப்பதாயின் எப்படி அழைப்பது?

இக்கேள்விக்கு அறிவியல் முறையில் விடை தேடியவர்களுள் முதல் வரிசையில் நிற்பவர் இங்கிலாந்து நாட்டு மருத்துவர் ஜான் ஸ்னோ. காலரா நோய் நீரால் பரவுகிறது என்று காட்டியவர் என்றே நம் பாடநூல்கள் அவரை அறிமுகப்படுத்துகின்றன. அது உண்மையே. ஆனால் அவர் அன்றாடம் செய்த தொழில் மயக்க மருந்து கொடுப்பது. அத்தொழிலில் அவர் என்ன செய்தார் என்பதை நம்முள் பலர் அறியோம். அதனைக் கூறுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

இளமைப் பருவம்

ஜான் ஸ்னோ 1813 ஆம் ஆண்டு மார்ச்சு 15 ஆம் நாள் யார்க் நகரில் பிறந்தார். தந்தையார் வில்லியம் ஸ்னோ ஒரு கூலித் தொழிலாளி. தாயார் பிரான்சசு. ஒன்பது மக்களுள் ஜான் மூத்தவர். வறுமை நிறைந்த குடும்பம். ஆற்றங்கரையை ஒட்டிய ஏழைகளின் குடியிருப்பு. எனினும் பெற்றோர் மகனின் கல்வியில் குறை வைக்கவில்லை. கணக்கில் அவருக்கு இளமையிலேயே நாட்டம் மிகுதி. பிற்காலத்தில் அவரை உயர்த்தியது இந்தக் கணக்கறிவே எனலாம்.

1827 இல், பதினான்கு வயதில், நியூகாசில் நகரத்து அறுவை மருத்துவர் வில்லியம் ஆர்டுகாசில் என்பவரிடம் தொழில் பழகச் சேர்ந்தார். கல்லூரியில் பயின்று மருத்துவராவது செல்வர் வீட்டுப் பிள்ளைகளின் வழி. ஆசானிடம் தங்கி மருந்து அரைத்துப் பழகி மருத்துவராவது எளியோர் வழி. ஸ்னோவுக்கு வாய்த்தது இரண்டாவது வழி. 1831 ஆம் ஆண்டின் இறுதியில் அவ்வட்டாரத்தைக் காலரா தாக்கியபோது, பதினெட்டு வயதிலேயே கில்லிங்வொர்த்து நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளரிடையே அவர் பணி செய்தார். நோயாளிகளுக்கு உதவும் வழி தெரியாமல் மருத்துவ உலகம் கைபிசைந்து நின்றதை அங்கே கண்ணாரக் கண்டார்.

பதினேழாம் வயதில் புலால் உணவைத் துறந்தார். மதுவையும் விலக்கினார், மதுவிலக்கு இயக்கத்திலும் ஈடுபட்டார். பின்னாளில் உடல்நலம் குன்றியபோது இவ்விதிகளைச் சற்றுத் தளர்த்த நேர்ந்தது. கடைசி வரை அவர் மணம் செய்துகொள்ளவில்லை. அதிகம் பேசாதவர், கூட்டத்தில் சிரித்துப் பழகத் தெரியாதவர். நோயாளிகள் அவரிடம் வந்து குவியாமைக்கு இதுவும் ஒரு காரணம்.

இலண்டன் மாநகரில்

1836 இல் மருத்துவக் கல்வியை நிறைவு செய்ய இலண்டன் சென்றார். கையில் பணமில்லாத இளைஞர், பயணத்தின் பெரும்பகுதியை நடந்தே கடந்தார் என்று அவர் வரலாற்றை எழுதிய நண்பர் குறித்துள்ளார். 1838 இல் அறுவை மருத்துவர் தகுதியும் மருந்தாளர் உரிமமும் பெற்றார். சோகோ பகுதியில் பிரித்து தெருவில் குடியமர்ந்து ஏழைகளுக்கு மருத்துவம் பார்த்தார். உழைத்துப் படித்து இலண்டன் பல்கலைக்கழகத்தில் 1843 இல் இளநிலை மருத்துவப் பட்டமும் 1844 இல் மருத்துவ அறிஞர் பட்டமும் பெற்றார்.

அக்காலத்தில் அவர் மனத்தை ஈர்த்த பொருள் மூச்சு. 1841 இல் வெசுட்மினிசுட்டர் மருத்துவக் கழகத்தில் அவர் படித்த கட்டுரை, மூச்சின்றிப் பிறக்கும் பச்சிளங் குழந்தைகளை உயிர்ப்பிப்பது பற்றியது. நுரையீரலுக்குள் காற்று செல்வது எப்படி, அது குருதியில் கலப்பது எப்படி, கலவாவிடில் உடல் என்னவாகும் என்பவற்றை ஆண்டுக்கணக்கில் ஆராய்ந்தார். அப்போது மயக்க மருந்தே உலகிற்குத் தெரியாது. பின்னால் வரவிருந்த ஒன்றுக்கு அவர் தம்மை அறியாமலேயே ஆயத்தமாகிக்கொண்டிருந்தார்.

ஈதர் வந்தது

1846 ஆம் ஆண்டு அக்டோபர் 16 ஆம் நாள். அமெரிக்க நாட்டுப் பாசுடன் நகர மருத்துவமனையில் மார்ட்டன் என்ற பல் மருத்துவர் ஈதர் ஆவியை ஒரு நோயாளிக்கு மூச்சில் செலுத்த, அவர் மயக்கத்தில் இருக்கும்போதே கழுத்துக் கட்டிக்கு அறுவை நடந்தது. அச்செய்தி கப்பல் ஏறி இங்கிலாந்தை அடைந்தது. டிசம்பர் 19 ஆம் நாள் இலண்டனில் இராபின்சன் என்ற பல் மருத்துவர் ஈதர் கொடுத்துப் பல் பிடுங்கினார். இரண்டு நாள் கழித்து, புகழ்பெற்ற அறுவை மருத்துவர் லிசுட்டன் ஈதர் மயக்கத்தில் ஒருவரின் காலை நீக்கினார். நகரமே வியந்தது.

ஆனால் அடுத்த சில வாரங்களில் வியப்பு குறையத் தொடங்கியது. ஒருவருக்கு ஈதர் வேலை செய்தது, மற்றொருவருக்குச் செய்யவில்லை. ஒருவர் மயங்கினார், மற்றொருவர் வெறிகொண்டவர் போல் துள்ளினார். பலர் இதனை மருந்தின் குற்றம் என்றனர். இராபின்சனின் பணியை அம்மாத இறுதியில் நேரில் கண்ட ஸ்னோ, குற்றம் மருந்தில் இல்லை, அதனைக் கொடுக்கும் முறையில் இருக்கிறது என்று உணர்ந்தார்.

காரணம் எளியது. ஈதர் ஆவியாகும் அளவு வெப்பத்தைப் பொறுத்தது. குளிர்ந்த அறையில் காற்று சிறிதளவு ஈதர் ஆவியையே ஏந்தும். வெதுவெதுப்பான அறையில் பல மடங்கு ஏந்தும். அப்படியிருக்க, ஒரே கருவியை ஒரே முறையில் பயன்படுத்தினாலும் நோயாளிக்குச் சேரும் மருந்து ஒவ்வொரு நாளும் வேறுபடத்தானே செய்யும்? 1847 சனவரியிலேயே, இன்ன வெப்பநிலையில் காற்று இவ்வளவு ஈதரை ஏந்தும் என்று அட்டவணை ஒன்றை வெளியிட்டார். ஈதர் கலத்தை நீர்த் தொட்டிக்குள் வைத்து, நீரின் வெப்பத்தால் ஆவியின் அளவை நிலைநிறுத்தும் கருவியையும் அமைத்தார். விரைவில் செயிண்டு சார்ச்சு மருத்துவமனையில் ஈதர் கொடுக்கும் பொறுப்பு அவரிடம் வந்து சேர்ந்தது.

துயிலின் ஐந்து படிகள்

அதே ஆண்டில் ஈதர் பற்றி ஒரு நூல் எழுதினார். அதில் மயக்கத்தை ஐந்து படிகளாகப் பகுத்தார். முதற்படியில் மனிதனுக்குத் தன் நினைவு இருக்கும். உணர்வு மட்டும் சற்று மாறும். இரண்டாம் படியில் கனவு காண்பவன் போல் அறிவு தடுமாறும். மூன்றாம் படியில் தானே விரும்பிச் செய்யும் செயல் நிற்கும். நான்காம் படியில் தசைகள் தளர்ந்து மூச்சு ஒன்றே இயங்கும். ஐந்தாம் படியில் அந்த மூச்சும் திணறும். ஐந்தாம் படியை அவர் விலங்குகளிடம் மட்டுமே கண்டார். மனிதனை அங்கே கொண்டுசெல்லுதல் கூடாது என்பதே அவர் கொள்கை.

இப்பகுப்பின் அருமையை இன்று நாம் நன்கு உணரலாம். விழிப்பு, மயக்கம் என்று இரண்டே நிலைகள் இல்லை. இடையில் பல நிலைகள் உண்டு. ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு வழுக்கிச் செல்வது எளிது. மருந்து கொடுப்பவர், நோயாளி எந்தப் படியில் நிற்கிறார் என்பதைக் கணந்தோறும் அறிந்திருக்க வேண்டும். பெரிய அறுவைக்கு ஆழ்ந்த படி வேண்டும். சிறிய செயலுக்கு மேற்படியே போதும். இன்று குழந்தைகளுக்குத் தையல் போட மருந்து கொடுக்கும் மருத்துவர்கள் கற்கும் முதற்பாடம் இதுதான்.

பதினைந்து வயதுச் சிறுமி

1847 நவம்பரில் எடின்பரோ நகரத்துச் சிம்சன் என்ற மருத்துவர் குளோரோபாரத்தின் மயக்கும் ஆற்றலைக் கண்டறிந்து வெளியிட்டார். ஈதரைவிட அது விரைவாக வேலை செய்தது, மணமும் இனியது, கருவியும் வேண்டாம். கைக்குட்டையில் சிறிது ஊற்றி மூக்கருகே பிடித்தால் போதும். மருத்துவர்கள் ஈதரைக் கைவிட்டுக் குளோரோபாரத்தின் பின் ஓடினர்.

மூன்று மாதம் கூட முடியவில்லை. 1848 சனவரி 28 ஆம் நாள் நியூகாசிலை அடுத்த விண்லாட்டன் என்ற ஊரில் அன்னா கிரீனர் என்ற பதினைந்து வயதுச் சிறுமிக்குக் கால்விரல் நகம் ஒன்றை எடுக்க வேண்டியிருந்தது. முன்பு மற்றொரு நகத்தை எடுத்தபோது ஈதர் கொடுத்திருந்தனர், தீங்கொன்றும் நேரவில்லை. இம்முறை குளோரோபாரம். சிறுமி மிகவும் அஞ்சியிருந்தாள். துணியில் ஒரு தேக்கரண்டி அளவு மருந்தை ஊற்றி மூக்கருகே பிடித்தார் மருத்துவர். நகத்தை எடுத்த சில நிமிடங்களில் அவள் உயிர் பிரிந்தது.

குளோரோபாரத்தால் நேர்ந்ததாகப் பதிவான முதற்சாவு இதுவே. ஒரு கால்விரல் நகம்! அதற்காக ஓர் உயிர்! செய்தி நாடெங்கும் பரவியது. அவளை எழுப்புவதற்காக வாயில் ஊற்றிய நீரும் பிராந்தியும் மூச்சுக்குழலை அடைத்துவிட்டன என்று சிலர் கருதினர். மருந்தே இதயத்தை நிறுத்தியது என்று வேறு சிலர் கருதினர். இன்றும் அறிஞரிடையே கருத்து வேறுபாடு உண்டு.

ஸ்னோ கண்ட காரணம் வேறு கோணத்தில் அமைந்தது. கைக்குட்டையில் ஊற்றும்போது காற்றில் எத்தனை விழுக்காடு மருந்து கலக்கிறது என்பதை ஊற்றுபவர் அறிய வழியே இல்லை. ஒரு மூச்சில் மிகக் குறைவாகவும் அடுத்த மூச்சில் மிக அதிகமாகவும் செல்லக்கூடும். நூற்றுக்கு நான்கைந்து பங்கு ஆவி கலந்த காற்று பாதுகாப்பானது. எட்டு, பத்துப் பங்கு என்று ஏறினால் இதயம் திடீரென நின்றுவிடக்கூடும் என்று விலங்குகளிடம் செய்த ஆய்வுகளால் அறிந்தார். ஆகவே சாவுக்குக் காரணம் மருந்தின் மொத்த அளவு மட்டுமன்று; அது எவ்வளவு செறிவோடு நுரையீரலை அடைந்தது என்பதே முதன்மையானது என்றார். இக்கருத்தை வலியுறுத்த அவர் கட்டுரைகளோடு நின்றுவிடவில்லை. வாழ்நாள் முழுவதும் குளோரோபாரச் சாவுகளைத் திரட்டி ஆராய்ந்தார். அவர் இறுதி நூலில் ஐம்பது சாவுகள் ஒவ்வொன்றாக ஆராயப்பட்டுள்ளன. அவற்றுள் பல, பெரிய அறுவையின்போது நேர்ந்தவை அல்ல. பல் பிடுங்குதல், நகம் எடுத்தல் போன்ற சிறு செயல்களின்போது நேர்ந்தவை.

இதிலிருந்து நாம் அறிவது யாது? செயல் சிறியது என்பதால் மயக்கம் சிறியதாகிவிடாது. சிறிய செயல்தானே என்ற எண்ணமே கவனத்தைக் குறைக்கும். கவனம் குறையும் இடத்தில்தான் ஆபத்து காத்திருக்கிறது.

குழந்தைகளின் நண்பர்

இவ்வளவு ஆபத்து இருப்பதால் குழந்தைகளுக்கு மயக்க மருந்தே வேண்டாம் என்று ஸ்னோ முடிவு கட்டியிருக்கலாம். அவர் அப்படிச் செய்யவில்லை. பிறந்து சில வாரங்களே ஆன, உதடு பிளவுபட்ட குழந்தைகளுக்கு அறுவை மருத்துவர் பெர்குசன் உதட்டைச் சேர்த்துத் தைத்தபோது மயக்கம் கொடுத்தவர் ஸ்னோ. ஒரு வயது நிரம்பாத குழந்தைகள் நூற்றுக்கு மேற்பட்டோர் அவர் கையால் குளோரோபாரம் பெற்றனர்.

குழந்தை என்பது சிறிய உருவில் உள்ள பெரியவர் அன்று என்பதை அவர் தெளிவாகக் கண்டார். குழந்தைகள் பெரியவர்களைவிட விரைவில் மயங்குகின்றனர், விரைவில் தெளிகின்றனர். அவர்களுடைய மூச்சும் குருதியோட்டமும் விரைவானவை என்பதே காரணம். ஆகவே குழந்தையிடம் மருந்து கொடுப்பவருக்குக் காலம் குறைவு. ஒரு கணம் கண்ணை வேறு பக்கம் திருப்பினாலும் படி இறங்கிவிடும். அழுகின்ற குழந்தை மூச்சை அடக்கி வைத்துப் பிறகு ஒரேயடியாக இழுக்கும். அந்த ஒரு மூச்சில் பெருமளவு மருந்து உட்செல்லும். மெல்லத் தொடங்கிப் படிப்படியாகக் கூட்டுவதே முறை.

1848 சூலை முதல் 1858 சூன் வரை தாம் மயக்கம் கொடுத்த நோயாளிகளைப் பற்றி நாட்குறிப்பேடுகளில் எழுதி வைத்தார். யாருக்கு, என்ன வயது, என்ன செயல், எவ்வாறு மயங்கினார், எவ்வாறு தெளிந்தார், வாந்தி வந்ததா என்று சுருக்கமாக எழுதினார். அவற்றுள் மூன்று தொகுதிகள் இலண்டன் மருத்துவர் கல்லூரியில் இன்றும் காக்கப்படுகின்றன; 1994 இல் அச்சேறின. அக்குறிப்புகளில் கோமான்களும் இருக்கின்றனர். கூலிகளின் குழந்தைகளும் இருக்கின்றனர். இருவருக்கும் கவனம் ஒன்றே.

ஆவியும் நீரும்

மயக்க மருந்து ஆய்வே அவரைக் காலரா ஆய்விலும் நேர்வழியில் செலுத்தியது. அழுகிய பொருள்களிலிருந்து எழும் கெட்ட காற்றால் காலரா பரவுகிறது என்று அக்கால அறிஞர் நம்பினர். ஆவிகளை அளந்து பழகிய ஸ்னோவுக்கு இது பொருந்தவில்லை. ஆவி பரவப் பரவ நீர்த்துப்போகும். தொலைவில் இருப்பவரைக் கொல்லாது. மேலும் காற்றில் வரும் நஞ்சு முதலில் நுரையீரலையன்றோ தாக்க வேண்டும்? காலராவோ குடலில் தொடங்குகிறது. ஆகவே நஞ்சு வாய்வழியே, குடிநீரோடு செல்கிறது என்று 1849 இல் ஒரு சிறு நூலில் எழுதினார்.

1854 ஆகத்து இறுதியில் அவர் முன்பு வாழ்ந்த சோகோ பகுதியில் காலரா வெடித்தது. பத்து நாளில் ஐந்நூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டனர். வீடு வீடாகச் சென்று விசாரித்த ஸ்னோ, இறந்தவர்களுள் பெரும்பாலோர் பிராடு தெரு அடிகுழாய் நீரைப் பருகியவர்கள் என்று கண்டார். அவர் வேண்டுகோளின்படி செப்டம்பர் 8 ஆம் நாள் அக்குழாயின் கைப்பிடி அகற்றப்பட்டது. அப்போது நோய் தானே தணியத் தொடங்கியிருந்தது என்பதையும் அவர் மறைக்கவில்லை. அதே ஆண்டில் தெற்கு இலண்டனில் இரு குடிநீர் நிறுவனங்களை ஒப்பிட்டார். கழிவு கலந்த இடத்தில் தேம்சு நீரை எடுத்த நிறுவனத்தின் வீடுகளில் பத்தாயிரத்துக்கு 315 சாவுகள். தூய இடத்தில் எடுத்த நிறுவனத்தின் வீடுகளில் 37 மட்டுமே.

காலராவிலும் குளோரோபாரத்திலும் அவர் கேட்ட கேள்வி ஒன்றே. உடலுக்குள் என்ன செல்கிறது? எவ்வழியே செல்கிறது? எவ்வளவு செல்கிறது?

அரசியாரும் அமிலீனும்

1853 ஏப்பிரல் 7 ஆம் நாள் விக்டோரியா அரசியாரின் மகப்பேற்றின்போது குளோரோபாரம் கொடுக்க ஸ்னோ அழைக்கப்பட்டார். 1857 இல் மீண்டும் ஒருமுறை அழைக்கப்பட்டார். கைக்குட்டை முறையைக் கண்டித்தவர், அங்கே கைக்குட்டையையே பயன்படுத்தினார். இது முரண்பாடாகத் தோன்றலாம். உண்மையில் முரண்பாடு அன்று. அரசியாரை முழு மயக்கத்தில் ஆழ்த்துவது அவர் நோக்கம் அன்று. நோவு வரும்போது மட்டும் சிறு துளிகளாகத் தந்து, நினைவு போகாமல் வலியை மட்டும் மழுங்கச் செய்தார். ஏறத்தாழ ஒரு மணி நேரம் இவ்வாறு முதற்படியிலேயே நிறுத்தினார். தேவைக்கு மேல் ஒரு படியும் இறங்கலாகாது என்ற அவர் கொள்கைக்கு இதனைவிடச் சிறந்த சான்று இல்லை.

புகழ் வந்தபின்னும் உண்மையை மறைக்காத பண்பு அவரிடம் இருந்தது. குளோரோபாரத்தைவிட நல்ல மருந்தைத் தேடிய அவர், 1856 இறுதியில் அமிலீன் என்ற புதிய மருந்தைப் பயன்படுத்தத் தொடங்கினார். 238 பேருக்குக் கொடுத்தார். இருவர் இறந்தனர். தம் கையால் கொடுத்த மருந்தில் நேர்ந்த அச்சாவுகளை அவரே மருத்துவ ஏடுகளில் வெளியிட்டார். 1857 இல் அம்மருந்தைக் கைவிட்டார். தாம் கண்டெடுத்ததைத் தாமே கைவிடும் துணிவு எல்லோர்க்கும் வாய்ப்பதன்று.

மறைவு

1858 சூன் 10 ஆம் நாள். குளோரோபாரமும் பிற மயக்க மருந்துகளும் பற்றிய தம் பெருநூலின் இறுதிப் பகுதியை எழுதிக்கொண்டிருக்கும்போதே அவரைப் பக்கவாதம் தாக்கியது. சூன் 16 ஆம் நாள் இறந்தார். வயது நாற்பத்தைந்து. இலண்டன் பிராம்ப்டன் இடுகாட்டில் அவர் உடல் அடக்கம் செய்யப்பட்டது. நண்பர் இரிச்சர்டுசன் அந்நூலை அவ்வாண்டே வெளியிட்டார்.

இலான்செட் என்ற மருத்துவ ஏடு அவர் மறைவை ஓரிரு வரியில் முடித்துக்கொண்டது; காலரா பற்றி அதில் ஒரு சொல்லும் இல்லை. அக்குறையை உணர்ந்து அவ்வேடு முறையான இரங்கலுரையை வெளியிட்டது 2013 இல். அதாவது நூற்றைம்பத்தைந்து ஆண்டுகள் கழித்து!

அவருக்குப் பின்

அவர் விட்டுச்சென்ற வழக்கு அவரோடு முடியவில்லை. குளோரோபாரம் இதயத்தை நேரே நிறுத்துமா என்ற வினா நம் நாட்டிலும் எதிரொலித்தது. 1888, 1889 ஆண்டுகளில் ஐதராபாத்தில் நிசாமின் பொருளுதவியோடு மருத்துவர் எட்வர்டு இலாரி தலைமையில் இரு குழுக்கள் விலங்குகளிடம் ஆய்வு நடத்தின. முதலில் நிற்பது மூச்சே, மூச்சைக் கவனித்தால் போதும் என்று அவை முடிவு கூறின. 1911 இல் இலண்டனில் குட்மன் லெவி என்பார், இலேசான குளோரோபார மயக்கத்தில் இருக்கும்போது அட்ரினலின் சுரந்தால் இதயம் திடீரெனத் துடிதுடித்து நின்றுவிடக்கூடும் என்று பூனைகளிடம் காட்டினார். அட்ரினலின் அச்சத்தில் சுரப்பது. அஞ்சி நடுங்கிய விண்லாட்டன் சிறுமியை இங்கே நாம் நினைக்காமல் இருக்க முடியுமா?

இன்னொரு பாடத்தை உலகம் மறந்தே போனது. பச்சிளங் குழந்தைக்கு வலி தெரியாது என்ற எண்ணம் இருபதாம் நூற்றாண்டில் மருத்துவரிடையே வேரூன்றியது. குறைமாதக் குழந்தைகள் பலருக்கு மிகக் குறைந்த மயக்க மருந்தோடே பெரிய அறுவைகள் நடந்தன. இந்தியாவில் மருத்துவம் பயின்ற கன்வல்ஜீத் ஆனந்த் என்பவர், வலி நீக்கும் மருந்து பெற்ற குழந்தைகளின் உடல் அறுவையின் தாக்கத்தை நன்கு தாங்குகிறது என்று 1987 இல் தம் குழுவினரோடு காட்டிய பிறகே நிலைமை மாறியது. ஸ்னோ தம் கையால் செய்து காட்டியதை உலகம் மீண்டும் கற்க நூற்றுமுப்பது ஆண்டுகள் ஆயின.

இன்றைய அவசரப் பிரிவில்

இனி, நாம் தொடக்கத்தில் கண்ட மூன்று வயதுக் குழந்தையிடம் வருவோம். இன்று நல்ல மருத்துவர் கேட்கும் முதற்கேள்வி, மயக்கம் வேண்டுமா என்பதே. சிறிய நேரான வெட்டு எனில் தோலை ஒட்டும் பசையே போதும். தையல் வேண்டுமெனில், காயத்தின் மேல் தடவினால் இருபது முப்பது நிமிடத்தில் மரத்துப்போகச் செய்யும் களிம்பு உண்டு. தாயின் மடியில் அமர்த்தி, கதை சொல்லி, படம் காட்டி மனத்தைத் திருப்புவதும் மருத்துவமே. அச்சம் தணிந்தால் மருந்தின் தேவையும் குறையும்.

இவை போதாதபோதே அடுத்த படி. உயிர்க்காற்றோடு சரிபாதி கலந்த நைட்ரசு ஆக்சைடு சில நிமிடத்தில் வேலை செய்து, நிறுத்திய சில நிமிடத்தில் நீங்கிவிடும். மிடசோலம் அச்சத்தைக் குறைக்கும். ஆனால் வலியைப் போக்காது. எனவே அதனோடு மரத்துப்போகும் மருந்தும் தேவை. 1962 இல் உருவாக்கப்பட்ட கெட்டமின், கண் திறந்திருக்கும்போதே குழந்தையைச் சுற்றுப்புறத்திலிருந்து பிரித்து வைக்கும். பொதுவாக மூச்சை நிறுத்தாது. எனினும் அரிதாகக் குரல்வளை இறுகிவிடக்கூடும், வாந்தியும் வரலாம்.

எந்த மருந்தாயினும் விதிகள் சில உண்டு. குழந்தையின் எடையைக் கிலோவில் நிறுத்தே அளவைக் கணக்கிட வேண்டும். தையல் போடுபவர் ஒருவர்; குழந்தையின் மூச்சையும் நாடியையும் கவனிப்பதை மட்டுமே தொழிலாகக் கொண்டவர் மற்றொருவர். விரலில் மாட்டும் கருவி குருதியில் உயிர்க்காற்றின் அளவைக் காட்டிக்கொண்டே இருக்க வேண்டும். மூச்சு நின்றால் கொடுக்க உயிர்க்காற்றும் பையும் முகமூடியும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். முன்போல் விழித்துப் பேசும் வரை வீட்டுக்கு அனுப்புதல் கூடாது. இவ்விதிகள் எளிதில் வந்தவை அல்ல. அமெரிக்கக் குழந்தை மருத்துவக் கழகம் 1985 இல் இத்தகைய விதிகளை முதன்முதலாக வகுத்ததற்குக் காரணம், பல் மருத்துவத்தின்போது மயக்கம் பெற்ற குழந்தைகள் இறந்ததே. மீண்டும் சிறு செயல், மீண்டும் பேரிழப்பு.

முடிவுரை

ஜான் ஸ்னோ மயக்க மருந்தைக் கண்டுபிடித்தவர் அல்லர். மார்ட்டனும் சிம்சனும் வலியை வெல்லும் வழியைத் திறந்தனர். அவ்வழியில் விழாமல் நடக்கக் கற்பித்தவர் ஸ்னோ. வலியால் துடிக்கும் குழந்தையைக் கண்டு இரங்குவது எல்லோர்க்கும் இயல்பு. அந்த இரக்கம் குழந்தைக்கு நன்மையாக முடிய வேண்டுமானால் அதனோடு அளவும் கண்காணிப்பும் சேர வேண்டும். அளவறியாத இரக்கம் விண்லாட்டனில் ஓர் உயிரைக் கொண்டுபோனது. ஆபத்தைக் கண்டு அஞ்சி, குழந்தைகளைக் கதறவிட்டுத் தைத்த காலமும் இருந்தது. இவ்விரண்டுக்கும் நடுவே உள்ள ஒற்றையடிப் பாதையைக் கண்டுபிடித்தவர், கூலித் தொழிலாளியின் மகனாகப் பிறந்து கணக்கைத் துணையாகக் கொண்டு உயர்ந்த அம்மருத்துவர்.

ஆய்வுக்கூடத்தில் அளவுக்குடுவையைக் கையில் ஏந்தும் மாணவ நண்பர்கள், துளிக் கணக்கில் சற்று முன்பின் ஆனால் என்ன என்று எண்ணும்போது இவர் வாழ்வை நினைத்துக்கொள்வார்களாக. அளவறிந்து செய்யும் பணியில்தான் பிறர் உயிர் காக்கும் அருள் அடங்கியிருக்கிறது.